கடலிலிருந்து வானேறிய சொற்கள்

ஒரு தொழிலின் கருவி மறைந்த பின்னும், அக்கருவியை ஒட்டிப் பிறந்த சொல் வேறொரு தொழிலில் வாழுமாயின் அதனை 'எச்சச்சொல்' எனலாம். வானூர்தித் துறையில் இத்தகையன மிகுதி. கடலோடிகள் ஈந்தவையே அவற்றுட் பல. அளவு குறிப்பன, புறம் குறிப்பன, ஆள் குறிப்பன என அவற்றை வகுக்கலாம்.

விரைவின் அலகு இன்றும் 'முடிச்சு'தான். கட்டையொன்றைக் கயிற்றில் பிணைத்துக் கடலில் இட்டு, மணற்கடிகையில் மணல் வழியும் 28 நொடிக்குள் கையைக் கடந்தோடும் முடிச்சுகளை அன்றைய கலமோட்டிகள் எண்ணினர். முடிச்சுகளின் இடைவெளி ஏறத்தாழ 14.4 மீட்டர். ஒரு முடிச்சு மணிக்கு ஒரு கடல்மைல் விரைவாகும். 1929இல் மொனாக்கோவில் கூடிய மாநாடு கடல்மைலை 1,852 மீட்டர் என வரையறுத்தது. வடக்குத் தெற்காக நிலவுலகை அளக்கும் பாகையின் அறுபதில் ஒரு கூறே அது. தென்காசி மாவட்டத்துப் புளியங்குடியினின்று நேர்வடக்கே 60 கடல்மைல் பறந்தால் ஒரு பாகை ஏறியிருப்போம்; கொடைக்கானல் மலைத்தொடரையும் எட்டியிருப்போம்.

புறம் குறிக்கும் சொற்களோ இன்னும் நுட்பமானவை. பழைய மேலைநாட்டுக் கலங்களில் திசைதிருப்பும் துடுப்பு வலப்புறம் இருந்தது. அது கரையில் மோதாதிருக்க, கலத்தின் இடப்புறத்தையே துறையோடு அணைத்தனர். ஆகவே வலப்புறத்தைத் 'துடுப்புமருங்கு' என்றும் இடப்புறத்தைத் 'துறைமருங்கு' என்றும் நாம் வழங்கலாம். காண்போர் எங்கு நின்றாலும் இப்பெயர்கள் மாறா என்பதே இவற்றின் பயன். துறைமருங்கில் சிவப்பு, துடுப்புமருங்கில் பச்சை என்னும் கடல்விளக்கு முறையும் சிறகுநுனிகளுக்கு அப்படியே வந்தது. இரவில் புளியங்குடி எலுமிச்சைத் தோட்டத்தில் நின்று மேற்கே மலைமீது நோக்குங்கள்: சிறகுநுனியில் செவ்விளக்கு தெரியின் ஊர்தி தெற்கே செல்கிறது, பச்சை தெரியின் வடக்கே. வானூர்தி நிலையங்களில் நாம் துறைமருங்கு வாயிலால் ஏறுவதும் அக்கடல்வழக்கின் தொடர்ச்சியே.

ஆள் குறிக்கும் சொல்லுக்கு நாம் கடல்கடந்து போகவேண்டியதில்லை. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறநானூற்று 27ஆம் பாட்டு, வலவன் செலுத்தாமலே இயங்கும் வானவூர்தியைப் பேசுகிறது. தேர் செலுத்துவோனுக்குரிய அச்சொல்லை, தேர் மறைந்த பின் வானுக்கு ஏற்றுவதில் குற்றம் யாது? 'பைலட்' என்றும் 'விமானி' என்றும் எழுதும் நம் நாளிதழ்கள், இனி 'வலவர்' என எழுதட்டும். ஆளில்லா ஊர்தியை 'வலவரிலா வானூர்தி' என்று நம் பள்ளிப் பாடநூல்கள் வழங்கட்டும்.