ஒரே நோட்டு, பல நாடுகள்: முத்திரையில் இருக்கிறது அடையாளம்

பழைய ஐரோப்பியப் பண நோட்டு ஒன்று கையில் கிடைத்தால், பெரும்பாலோர் முதலில் தேடுவது அதில் அச்சிடப்பட்டிருக்கும் ஆண்டைத்தான். அடுத்து பூஜ்யங்களை எண்ணுவார்கள். ஆட்சி கவிழ்ந்த காலத்து நோட்டுகளில் இவ்விரண்டையும் நம்பி முடிவு செய்ய முடியாது. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, ஆஸ்திரிய-ஹங்கேரிய வங்கி வெளியிட்ட குரோனா நோட்டுகள்.

இரு பக்கம், இரு மொழி

இந்த நோட்டுகளின் ஒரு பக்கம் ஜெர்மன் மொழியிலும் மறுபக்கம் ஹங்கேரிய மொழியிலும் இருக்கும். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, இது ஹங்கேரி நோட்டு என்று சொல்வது பலரும் செய்யும் தவறு. ஜெர்மன் பக்கத்தில் சிறிய எழுத்துகளில் செக், போலிஷ், ருத்தேனியன், இத்தாலியன், ஸ்லோவேனியன், குரோவேஷியன், செர்பியன், ருமேனியன் ஆகிய எட்டு மொழிகளில் தொகை எழுதப்பட்டிருக்கும். பேரரசுக்குள் எத்தனை இனத்தவர் வாழ்ந்தார்கள் என்பதை அந்த வரிகளே காட்டிவிடும்.

முத்திரை ஏன் வந்தது?

முதல் உலகப் போரின் முடிவில், 1918-ஆம் ஆண்டு அப்பேரரசு சிதறியது. புதிய நாடுகள் பிறந்தன. ஆனால், எல்லா நாட்டு மக்களின் சட்டைப் பையிலும் இருந்தது அதே பழைய நோட்டுதான். பக்கத்து நாட்டில் அச்சாகும் பணம் தன் நாட்டுக்குள் வந்து குவிந்துவிடுமோ என்று ஒவ்வோர் அரசும் அஞ்சியது. அதனால் தன் எல்லைக்குள் செல்லும் நோட்டுகளில் அடையாளமிடத் தொடங்கியது.

செர்பியர், குரோவேஷியர், ஸ்லோவேனியர் ஆகியோரின் புதிய அரசு 1919 ஜனவரியில் மை முத்திரை குத்தியது. பிறகு அந்த அரசே ஒட்டும் வில்லைகளுக்கு மாறியது. செக்கோஸ்லோவாக்கியாவில், நிதியமைச்சர் அலோய்ஸ் ராஷின் 1919 மார்ச் தொடக்கத்தில் எல்லைகளை மூடச் செய்து நோட்டுகளில் வில்லை ஒட்ட வைத்தார். மக்கள் கொண்டு வந்த பணத்தில் பாதியை அரசு கட்டாயக் கடனாகப் பிடித்து வைத்துக்கொண்டது. வியன்னாவிலும் அதே மாதத்தில், 'ஜெர்மானிய ஆஸ்திரியா' என்று பொருள்படும் 'டாய்ச்சோஸ்டர்ரைக்' என்ற சொல் நோட்டில் குத்துவாக்கில் அச்சிடப்பட்டது. ஹங்கேரி 1920-இல் 'மஜாரோர்சாக்' என்ற சிவப்பு வட்ட முத்திரையைப் பதித்தது.

ஆகவே, 1902 என்று அச்சிடப்பட்ட ஆயிரம் குரோனா நோட்டில் இந்த முத்திரைகளில் ஒன்று இருந்தால், அது 1919-க்குப் பிறகும் பணமாக வாழ்ந்த நோட்டு என்று கொள்ளலாம்.

இரு குடும்பங்களின் கதை

அந்தச் சிறு முத்திரை பலரது சேமிப்பின் தலைவிதியையே நிர்ணயித்தது. பிராகா நகரில் பாதிப் பணத்தை அரசிடம் விட்டுவந்த குடும்பம் அன்று கண்ணீர் வடித்திருக்கும். ஆனால், அவர்களிடம் எஞ்சிய பணம் வியன்னா குரோனாவைப் போல் சரியவில்லை. வியன்னாவிலோ விலைவாசி எகிறியது. 1925-இல் ஷில்லிங் நாணயம் வந்தபோது 10,000 குரோனாவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஷில்லிங். ஆயுள் முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்த்தவர்களின் பணம் கண்ணெதிரே கரைந்துபோனது.

வாங்குவோர் கவனத்திற்கு

தொகை பெரிது என்பதற்காக நோட்டு அரியதாகிவிடாது. 'டாய்ச்சோஸ்டர்ரைக்' அச்சுள்ள ஆயிரம், பத்தாயிரம் குரோனா நோட்டுகள் இன்றும் ஏராளமாகக் கிடைக்கின்றன. போலி முத்திரைகளும் உண்டு. அக்காலத்தில் பணத்தை எல்லை கடத்தவும், பிற்காலத்தில் சேகரிப்பாளர்களை ஏமாற்றவும் அவை செய்யப்பட்டன.

செக்கோஸ்லோவாக்கிய வில்லைகளில் எளிய சோதனை ஒன்று உள்ளது. வில்லையின் மதிப்பு நோட்டின் மதிப்பில் நூற்றில் ஒரு பங்கு. நூறு குரோனா நோட்டில் ஒரு குரோனா வில்லை இருக்க வேண்டும். கணக்கு பொருந்தாவிட்டால் சந்தேகப்படலாம். நோட்டின் மடிப்பை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. முத்திரை விழும் முன்பே பல நோட்டுகள் கைமாறி மடிந்திருந்தன.

அழுக்காக இருக்கிறதே என்று நோட்டைத் தண்ணீரில் நனைப்பதோ, வில்லையை உரிப்பதோ வேண்டவே வேண்டாம். அந்த நோட்டு எந்த நாட்டின் பணமாக இருந்தது என்பதற்கு அந்த வில்லைதான் சாட்சி.