மருந்து கொடுத்தும் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வருதா? வேலூர் விஞ்ஞானி ககன்தீப் காங் ஆய்வு சொல்வது என்ன?

சேலம், நாமக்கல் பக்கம் புதன்கிழமை ஆனால் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கைக்குழந்தைகளோடு தாய்மார்கள் காத்திருப்பார்கள். 6, 10, 14-வது வாரங்களில் ஊசியோடு சேர்த்து, வாய்வழியாக ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்தும் தரப்படுகிறது. இதையும் போலியோ சொட்டு மருந்து என்றே நினைப்பவர்கள் உண்டு. பிறகு குழந்தைக்கு வயிற்றால் போனால், "மருந்து கொடுத்தும் வந்துடுச்சே, அப்புறம் எதுக்கு?" என்ற கேள்வி எழும்.

நியாயமான கேள்விதான். அதற்கான பதில் வேலூரில் கிடைத்தது.

யார் இந்த ககன்தீப் காங்?

1962-ல் சிம்லாவில் பிறந்தவர். வேலூர் சிஎம்சியில் எம்பிபிஎஸ் படித்து, அங்கேயே பேராசிரியராக உயர்ந்த வைரஸ் ஆய்வாளர். 2002-ல் தொடங்கிய ஆய்வில், வேலூரின் நெரிசலான குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகளை இவரது குழு 3 வயது வரை பின்தொடர்ந்தது. வாரம் இருமுறை வீட்டுக்கே போய் விசாரிப்பது, மல மாதிரி சேகரிப்பது என்று பொறுமையைச் சோதிக்கும் வேலை. 373 குழந்தைகள் கடைசிவரை ஆய்வில் இருந்தார்கள்.

கிடைத்த முடிவு என்ன?

பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு 6 மாதத்துக்குள்ளேயே ரோட்டா தொற்று வந்துவிட்டது. மெக்சிகோவில் 2 முறை தொற்று வந்த குழந்தைக்கு, அதன்பின் கடும் பாதிப்பு வரவில்லை. வேலூரிலோ 3 முறை வந்த பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். இயற்கையான தொற்றே முழுப் பாதுகாப்பு தராத ஊரில், தடுப்பு மருந்து மட்டும் 100 சதவீதம் தருமா?

இந்தியத் தயாரிப்பான ரோட்டாவாக், வேலூர் உட்பட 3 இடங்களில் சுமார் 6,800 குழந்தைகளிடம் பரிசோதிக்கப்பட்டது. கடும் ரோட்டா வயிற்றுப்போக்கை முதல் ஆண்டில் 56 சதவீதம் குறைத்தது. அதாவது 100 குழந்தைகள் நீர் வற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டிய இடத்தில் 44 பேர். எண் சிறியதாகத் தெரியலாம். ஆனால் ரோட்டாவால் இந்தியாவில் ஆண்டுக்கு 78,000 குழந்தைகள் வரை இறந்ததாக அப்போது கணிக்கப்பட்டது. தமிழகத்தில் 2017-ல் மருந்து அறிமுகமானது.

மற்ற கிருமிகளால் வரும் வயிற்றுப்போக்கை இது தடுக்காது. அதற்கு ஓஆர்எஸ் கரைசலும் துத்தநாக மாத்திரையும்தான். கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை சோர்ந்து போனாலோ உடனே டாக்டரிடம் போகவேண்டும்.

வேலூரிலிருந்து எங்கே போனார்?

புதிய தடுப்பூசிகளுக்கு நிதி தரும் சர்வதேச அமைப்பான செபியின் (பங்குச்சந்தை செபி அல்ல!) நிர்வாகக் குழுத் துணைத் தலைவராக இருந்தார். 2019-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். இந்தியாவில் பணிபுரியும் பெண் விஞ்ஞானி ஒருவருக்கு இது முதல் முறை. 2023 முதல் கேட்ஸ் அறக்கட்டளையில் இருக்கிறார். அங்கும் அவர் பொறுப்பில் இருப்பது குடல் தொற்று நோய்கள்தான்.