வேற கார் ஸ்பிரிங் நம்ம காருக்கு செட் ஆகுமா? போல்ட் ஏறிட்டா மட்டும் போதாது!

பின்சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறைய பெட்டிகள். ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் காரின் அடிப்பகுதி 'டர்ர்ர்' என்று உரசுகிறது. மெக்கானிக்கிடம் கேட்டால் இப்படி ஒரு யோசனை வரும்: "இதோட செடான் மாடல் ஸ்பிரிங்கைப் போட்டுடலாம் சார். ரெண்டும் ஒரே பிளாட்ஃபார்ம்தான்."

பிளாட்ஃபார்ம் ஒன்று என்பது உண்மையாகவே இருக்கலாம். ஸ்விஃப்ட்டும் டிசைரும் அப்படித்தான். புதுப்பேட்டையில் அலைந்தால் பழைய பாகம் மலிவாகவும் கிடைக்கும். ஆனால் எவ்வளவு எடைக்கு ஸ்பிரிங் எவ்வளவு அமுங்க வேண்டும் என்ற கணக்கு மாடலுக்கு மாடல் மாறும். கனமான பின்பக்கத்துக்குச் செய்த ஸ்பிரிங்கை லேசான ஹேட்ச்பேக்கில் போட்டால் பின்புறம் தூக்கி நிற்கும். தனியாக ஓட்டும்போது குதிக்கும், பழைய ஷாக் அப்சார்பரால் அந்தத் துள்ளலை அடக்க முடியாது. முன்புறம் தாழ்வதால் ஹெட்லைட் வெளிச்சம் விழும் தூரமும் குறையும்.

இதெல்லாம் ஓட்டினாலே தெரிந்துவிடும். தெரியாமல் இருப்பது பிரேக்.

ஏபிஎஸ் இல்லாத பழைய கார்கள் சிலவற்றில் லோடு சென்சிங் வால்வு இருக்கும். பின்பக்கம் எவ்வளவு தாழ்கிறது என்பதை வைத்துத்தான் வண்டியில் எவ்வளவு பாரம் இருக்கிறது என்று அது கணிக்கும். பாரம் கூடினால் பின்சக்கர பிரேக்குக்கு அதிக அழுத்தம் தரும். கடினமான ஸ்பிரிங் போட்ட காரில் ஐந்து பேர் ஏறினாலும் பின்புறம் பெரிதாகத் தாழாது. வால்வைப் பொறுத்தவரை வண்டி காலி! பின் பிரேக் குறைவாகவே பிடிக்கும். அதாவது, குடும்பமே உள்ளே இருக்கும் நாளில்தான் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும்.

இந்தக் கணக்கைப் புரிந்து செய்பவர்களும் உண்டு. 1990-களின் ஹோண்டா சிவிக், இன்டெக்ரா கார்களின் பின் சஸ்பென்ஷன் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி மாதிரி. டிரம் பிரேக் சிவிக்கில், டிஸ்க் பிரேக்கோடு வரும் இன்டெக்ராவின் டிரெய்லிங் ஆர்மை மாட்டுவது அமெரிக்க ஹோண்டா ரசிகர்களிடம் பழைய வழக்கம். அவர்கள் ஆர்மோடு நிறுத்துவதில்லை. ஹேண்ட்பிரேக் கேபிளையும், முன்னுக்கும் பின்னுக்கும் பிரேக் அழுத்தத்தைப் பங்கிடும் வால்வையும் சேர்த்தே மாற்றுகிறார்கள்.

நம்ம ஊர் சின்ன கார்களில் பெரும்பாலும் பின்னால் இருப்பது டார்ஷன் பீம். அதில் சக்கரக் கோணத்தைத் திருத்த பொதுவாக வசதி கிடையாது. பழைய பாகக் கடையில் வாங்கும் பீம் விபத்தில் அடிவாங்கியதா என்று யார் கண்டார்? லேசாக வளைந்திருந்தாலும் டயர் ஒருபக்கமாகத் தேயும். அலைன்மென்ட் கடைக்காரர் கையை விரித்துவிடுவார்.

சட்டமும் இருக்கிறது. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் தந்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ₹5,000 அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். ஸ்பிரிங் பற்றி ஆர்.சி.யில் ஒரு வரிகூட இருக்காதுதான். ஆனால் விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ் சர்வேயர் காருக்கு அடியில் குனிந்து பார்ப்பார்.

பல வருஷம் ஓடிய கார் பின்னால் தாழ்ந்தால், முதலில் காலி காரை சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கர மையத்திலிருந்து மேலே உள்ள வளைவு வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளக்கலாம். சர்வீஸ் சென்டர் சொல்லும் அளவைவிடக் குறைவாக இருந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பார்ட் நம்பர் பார்த்து, அதே மாடலின் புது ஸ்பிரிங்கை ஜோடியாக வாங்கிப் போட்டால் வேலை முடிந்தது.