சங்க அலுவலகத்துக்கு மென்பொருள்: விலையும் உரிமமும்

நூலும் உரமும் வாங்கும்போது நாலு இடங்களில் விலை விசாரிக்கும் நம் சங்கங்கள், கணினிக்கான அலுவலக மென்பொருளை வாங்கும்போது மட்டும் கடைக்காரர் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்கின்றன. கைக்கு அகப்படாத சரக்கு என்பதால் இவ்வாறு நேர்கிறது போலும். ஆயினும் இதற்குச் செலவாவதும் அங்கத்தினர்களின் பணமேயன்றோ?

அண்மையில் பிள்ளைப்பாக்கத்தை அடுத்துள்ள நெசவாளர் சங்கம் ஒன்றுக்கு நாம் ஆய்வுக்குச் சென்றிருந்தோம். கூலிப் பட்டியல், நூல் இருப்பு, சேலை விற்பனை ஆகிய யாவும் அங்கே இரண்டு கணினிகளில் பதியப்படுகின்றன. மூன்றாவது கணினி வாங்குவது பற்றி நிர்வாகக் குழுவில் பேச்சு நடந்தது. கணினியுடனேயே 'ஹோம் அண்ட் ஸ்டூடண்ட் 2021' பதிப்பு வருகிறது, அதுவே போதும் என்றார் ஒருவர். சில நூறு ரூபாய்க்குச் சாவி எண் கிடைக்கிறது என்றார் மற்றொருவர். தம் மகன் வேலை செய்யும் தொழிற்சாலையின் சாவி எண்ணையே வாங்கித் தருவதாக மூன்றாமவர் முன்வந்தார். மூன்றும் சிக்கனமாகவே தோன்றின. ஆனால் மூன்றுமே சங்கத்துக்கு ஒவ்வாதவை.

காரணத்தைக் கூறுவோம். தறியை விலைக்கு வாங்கினால் அது நமக்குச் சொந்தம். இரவல் கொடுக்கலாம், விற்கலாம். மென்பொருளில் நாம் வாங்குவது பயன்படுத்தும் உரிமையை மட்டுமே. யார், எந்த வேலைக்கு, எத்தனை கணினிகளில், எவ்வளவு காலம் பயன்படுத்தலாம் என்பதை உரிமப் பத்திரம் வரையறுக்கிறது.

முதலில் கூறிய பதிப்பு வீட்டுக்கும் படிப்புக்கும் உரியது. வாணிபக் காரியங்களுக்கு அதில் அனுமதி இல்லை. மேலும், கணினியுடன் சேர்ந்து வரும் உரிமம் பொதுவாக அந்தக் கணினியோடு கட்டுண்டது; கணினி பழுதானால் உரிமமும் போயிற்று. தனியே வாங்கும் சில்லறை உரிமத்தை விதிகளுக்கு உட்பட்டு வேறு கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம். தொழிற்சாலைகள் பெறும் மொத்த உரிமமோ அந்த நிறுவனத்துக்கு மட்டுமே உரியது. சில நூறு ரூபாய்க்கு விலைபோகும் சாவி எண்களில் பல, இத்தகைய மொத்த உரிமங்களிலிருந்து நழுவி வந்தவை. முறையற்ற பிரதியை அறிந்தே பயன்படுத்துவோருக்கு 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு சிறைத் தண்டனையும் அபராதமும் விதிக்கிறது.

இனி விலைக்கு வருவோம். ரூபாய் விலை கடைக்குக் கடை மாறுபடுவதால், ஒப்பிடுவதற்கு 2024-ஆம் ஆண்டின் அமெரிக்கப் பட்டியல் விலையை எடுத்துக்கொள்வோம். வாணிப அனுமதியுள்ள 'ஹோம் அண்ட் பிசினஸ் 2024' ஒரு கணினிக்கு ஏறக்குறைய 250 டாலர். ஒரே தடவை செலுத்தினால் போதும். பாதுகாப்புத் திருத்தங்கள் 2029 அக்டோபர் வரை கிடைக்கும். சந்தா முறையிலான 'மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் ஸ்டாண்டர்டு' ஒருவருக்கு மாதம் 12.50 டாலர், ஆண்டுக்கு 150, ஐந்தாண்டுக்கு 750 டாலர். சந்தாவில் மின்னஞ்சலும், கோப்புகளைச் சேமிக்க இடமும், புதிய வசதிகளும் சேர்ந்து வருகின்றன. ஒருவரே ஐந்து கணினிகளில் நிறுவிக்கொள்ளலாம். இவை தேவைப்படும் சங்கத்துக்குச் சந்தா தகும். கூலிப் பட்டியலும் கடிதமும் மட்டுமே எழுதும் சங்கத்துக்கு அது மும்மடங்குச் செலவாகும்.

விலையே இல்லாத வழியும் உண்டு. 2010-இல் தோன்றிய 'லிப்ரே ஆபீஸ்' கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதை எத்தனை கணினிகளிலும், வாணிபத்துக்கும் பயன்படுத்தலாம். தமிழிலேயே கட்டளைகளும் உண்டு. நம் மாநில அரசின் எல்காட் நிறுவனம் 2007-ஆம் ஆண்டு வாக்கிலேயே லினக்ஸ், ஓப்பன் ஆபீஸ் முதலிய திறந்த மூல மென்பொருள்களின் பக்கம் திரும்பியது அன்பர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம்.

"சனிக்கிழமை பட்டியல் நின்றுபோனால் நெசவாளருக்குக் கூலி போடுவது எப்படி?" என்று அச்சங்கத்தின் எழுத்தர் கவலையுடன் வினவினார். நியாயமான கேள்வி. முந்தைய மாதக் கூலிப் பட்டியலை லிப்ரே ஆபீஸில் திறந்து, வரிக்கு வரி ஒப்பிட்டோம். கூட்டுத்தொகைகள் சரியாகவே இருந்தன. தானே கணக்கிடும்படி முன்பு எழுதி வைத்திருந்த ஒரு கட்டளைத் தொகுப்பு மட்டும் இயங்கவில்லை. அதைத் திருத்தியாக வேண்டும். ஆகவே பழைய இரு கணினிகளும் உள்ளபடியே இருக்கட்டும், புதியதில் லிப்ரே ஆபீஸை ஒரு மாதம் பரீட்சித்த பின் முடிவு செய்வோம் என்று குழு தீர்மானித்தது.

நெசவாளர் சங்கமாயினும் விவசாயிகள் சங்கமாயினும், தீர்மானம் எழுதுமுன் நான்கு கேள்விகளைக் கேட்பது நலம். வாணிபத்துக்கு அனுமதி உண்டா? எத்தனை கணினிகளுக்கு? எந்த ஆண்டுவரை திருத்தங்கள் கிடைக்கும்? சங்கத்தின் பெயரில் ரசீது தருவார்களா? 'ஆபீஸ் 2019' பதிப்புக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால், அதை வைத்திருக்கும் சங்கங்கள் இக்கேள்விகளைத் தள்ளிப்போடுவதற்கில்லை. விடைகளைத் தீர்மானப் புத்தகத்தில் பதிந்து, ரசீதையும் உரிமப் பத்திரத்தையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள். தணிக்கைக்கு வரும்போது நாம் முதலில் கேட்பது அந்தக் கோப்பையே.