கரையத் தெரிந்த திருகு

பழவேற்காட்டில் படகு வைத்திருப்பவர்கள் இரும்பை அவ்வளவாக நம்ப மாட்டார்கள். பொன்னேரியில் பஸ் ஏறிப் போய் ஏரிக்கரையில் இறங்கி, கூனங்குப்பம், அரங்கங்குப்பம் பக்கம் படகுகள் கிடக்கும் மணலில் ஒரு நடை நடந்து பாருங்கள், காரணம் தெரியும். ஃபைபர் உடம்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதில் முடுக்கிய இரும்பு போல்ட்டும் நட்டும்தான் செதில் செதிலாக உதிரும். கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கிற ஏரி இது. முகத்துவாரம் திறந்திருக்கும்போது ஒரு கரிப்பு, மழைக்காலத்தில் ஆரணியாறு பெருகி வரும்போது வேறொரு கரிப்பு. எதுவானாலும் இரும்புக்கு ஆகாது.

படகின் எஞ்சினையும் கவனியுங்கள். தண்ணீருக்குள் இறங்கும் பகுதியில், புரொப்பெல்லர் பக்கமாக, சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன உலோகக் கட்டி இருக்கும். கடலில் ஓடும் எஞ்சின்கள் பலவற்றில் அது துத்தநாகம். அது எதையும் சுழற்றாது, எதையும் தாங்காது. கரைவதுதான் அதன் வேலை. இரண்டு உலோகங்கள் ஒட்டிக்கொண்டு உப்புநீரில் கிடந்தால், அவற்றில் வினைபடுதிறன் மிகுந்தது தன் எலெக்ட்ரான்களை மற்றதற்குக் கொடுத்துவிட்டுத் தான் கரையும். மற்றது பிழைக்கும். துத்தநாகத்தைவிட இந்த விஷயத்தில் தாராளமானது மெக்னீசியம். வீட்டில் தொட்டி வைத்த கீசர் இருந்தால், அதற்குள்ளும் பெரும்பாலும் ஒரு மெக்னீசியக் கம்பி இருக்கும். தொட்டி துருப்பிடிக்காமல் இருப்பதற்காக அது இளைத்துக்கொண்டே வரும்.

உலோகம் இப்படி அரிக்கப்படுவதைப் பாடப்புத்தகம் அரிமானம் என்கிறது. படகுக்காரர் அதைத் தடுக்கப் பார்க்கிறார். எலும்பு மருத்துவரோ அது நடக்கட்டும் என்கிறார், ஆனால் சொன்ன நாளில் நடக்க வேண்டுமாம்!

கபடியில் விழுந்து முன்கை எலும்பு முறிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மாவுக்கட்டில் அடங்காத முறிவு என்றால், எஃகு அல்லது டைட்டானியத் தகடு வைத்துத் திருகு முடுக்குவார்கள். எலும்பு சேர்ந்தபிறகு அந்தத் தகட்டுக்கு வேலை இல்லை. பள்ளி வயதில் எலும்பு வளர்ந்துகொண்டே இருப்பதால், அதை எடுக்கப் பலருக்கு இன்னொரு அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருக்கிறது. கட்டடத்தில் கான்கிரீட் இறுகும்வரை முட்டுக் கொடுக்கும் சென்ட்ரிங் மாதிரி, எலும்பு சேரும்வரை நின்றுவிட்டுத் தானே மறைந்துபோகும் தகடு கிடைத்தால் அந்த இரண்டாவது கத்தி தேவையில்லை.

இதற்கு மெக்னீசியத்தைத் தேடிப் போனதற்குக் காரணம் உண்டு. அது நமக்கு அந்நியமில்லை. ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 1.3 கிராம் இருக்கிறது. சேலத்தில் கிடைக்கும் வெள்ளை மாக்னசைட் கல்லில் இருக்கிறது. இலையின் பச்சையத்துக்கு நடுவில் இருக்கிறது. வளர்ந்த ஒருவர் உடம்பில் ஏறக்குறைய 25 கிராம், அதில் பாதிக்கு மேல் எலும்பில். கரைந்தாலும் உடம்பு அதை எடுத்துக்கொள்ளும், மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும்.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிடப் பிடித்தது. ஒரு பொருள் வளைய எவ்வளவு அடம்பிடிக்கிறது என்பதை கிகாபாஸ்கல் என்ற அலகில் சொல்வார்கள். எஃகுக்கு ஏறக்குறைய 200, டைட்டானியத்துக்கு 110, மெக்னீசியத்துக்கு 45, எலும்புக்கு 10 முதல் 30 வரை. எஃகுத் தகடு பாரத்தையெல்லாம் தானே தாங்கிக்கொள்ளும். வேலையில்லாத எலும்போ மெலிந்துபோகும். மெக்னீசியம் எலும்போடு சேர்ந்து கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

இடைஞ்சல் உப்பில்தான் இருக்கிறது. மருத்துவமனையில் ஏற்றும் சலைன் பாட்டிலில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு, கடலில் சுமார் 35 கிராம். நம் இரத்தத்தின் கரிப்பு சலைனை ஒட்டியது, அதாவது கடலில் ஏறக்குறைய கால்வாசி. மெக்னீசியம் தண்ணீரைத் தொட்டதும் மேலே மெக்னீசியம் ஹைட்ராக்சைடு என்ற மெல்லிய படலம் போர்த்திக்கொள்ளும், கூடவே ஹைட்ரஜன் வாயு வரும். உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தைக் கரைத்துக்கொண்டே இருப்பதால், அரிமானம் நிற்பதில்லை. ஒரு கிராம் மெக்னீசியம் முழுதும் கரைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் ஹைட்ரஜன்!

பள்ளி ஆய்வகத்தில் மெக்னீசிய நாடா இருக்கும். ஆசிரியரைக் கூட வைத்துக்கொண்டு, பக்கத்தில் நெருப்பில்லாமல், ஜன்னலைத் திறந்துவிட்டுச் செய்யுங்கள். விரல்நீளத் துண்டுகள் மூன்றை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் குடிநீரில் போடுங்கள். இரண்டாவதை, ஒரு டம்ளருக்குக் கால் தேக்கரண்டி உப்புக் கரைத்த நீரில் போடுங்கள். மூன்றாவதைத் துருவில்லாத இரும்பு ஆணியில் சுற்றி, அதே அளவு உப்புநீரில் இறக்குங்கள். முதல் டம்ளரில் பெரிதாக ஒன்றும் நடக்காது. இரண்டாவதில் நாடாமேல் ஊசிமுனை அளவுக் குமிழிகள் ஒட்டியிருக்கும். மூன்றாவதுதான் வேடிக்கை. குமிழிகள் ஆணியிலிருந்து கிளம்பும், இளைப்பதென்னவோ நாடா! எலெக்ட்ரான்கள் நாடாவிலிருந்து ஆணிக்கு ஓடி, அங்கே ஹைட்ரஜனை விடுவிக்கின்றன.

இந்த மூன்றாவது டம்ளரில் நடப்பது ஒரு மனிதர் காலுக்குள்ளும் நடந்திருக்கிறது. பெல்ஜியத்தில் அல்பன் லம்போத் என்ற பெயர்பெற்ற அறுவை மருத்துவர், 1906-07 வாக்கில், முறிந்த கீழ்க்கால் எலும்பின்மேல் மெக்னீசியத் தகடு வைத்து எஃகால் பொருத்தினார். எட்டு நாளில் தகடு சிதைந்தது. தோலுக்கடியில் வாயு நிறைந்து கால் வீங்கியது. அவருக்கு முன்பே, 1878-இல், எட்வர்ட் ஹ்யூஸ் என்ற அமெரிக்க மருத்துவர் மெக்னீசியக் கம்பியால் இரத்தக்குழாயைக் கட்டியிருக்கிறார். அது மெல்லிய கம்பி, கூட எஃகும் இல்லை.

எஃகைத் தள்ளிவைத்துவிட்டால் போதுமா என்றால், உலோகத்துக்குள்ளேயே ஆணிகள் ஒளிந்திருக்கின்றன. மெக்னீசியத்தில் கலந்துவிட்ட இரும்பு, நிக்கல், தாமிரத் துணுக்கு ஒவ்வொன்றும் அந்த ஆணி செய்ததைச் செய்யும். ஒரு கிலோ தூய மெக்னீசியத்தில் இரும்பு 0.2 கிராமை நெருங்கினாலே அரிமானம் பலமடங்கு ஏறிவிடும். அதனால் முதல் வேலை சுத்தப்படுத்துவது.

ஆனால் சுத்தமான மெக்னீசியம் வலுவில்லாதது. வார்த்தெடுத்த தூய மெக்னீசியத்தில் ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்புள்ள கம்பி, சுமார் 9 கிலோ தொங்கவிட்டாலே அறுந்துவிடும். துத்தநாகம், கால்சியம், யிட்ரியம், நியோடிமியம் என்று அளவாகச் சேர்த்துப் பக்குவப்படுத்திய உலோகக் கலவைகள் 25, 30 கிலோவரை தாங்கும். அளவு மீறினால் சேர்த்தது உள்ளே தனித் துணுக்குகளாகப் பிரிந்து நிற்கும். துணுக்குக்கும் மெக்னீசியத்துக்கும் நடுவே மறுபடி மின்னோட்டம், மறுபடி அரிமானம். வலுவைக் கூட்டப் போனால் ஆயுள் குறைகிற இந்த இடத்தில்தான் ஆய்வாளர்கள் அதிகம் திண்டாடுகிறார்கள்.

எதையும் மிகுதியாகச் சேர்க்காமலே வலுவாக்க ஒரு வழி உண்டு. எந்த உலோகமும் பரல்கள் எனப்படும் சிறு படிகங்களால் ஆனது. பரல் சிறுத்தால் வலு கூடும். சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், வேகமாகச் சுழலும் கருவியை மெக்னீசியத் தகட்டில் அழுத்தி, உருக்காமலே பிசைந்தார்கள். கூடவே எலும்பிலுள்ள கனிமமான ஹைட்ராக்சிஅபடைட்டை மிக நுண்ணிய தூளாகக் கலந்தார்கள். ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் இருந்த பரல்கள், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்றரைப் பங்காகச் சிறுத்தன. உடல்திரவத்தைப் போலத் தயாரித்த கரைசலில் அதை ஊறவைத்தபோது, மேலே எலும்புக் கனிமம் சுலபமாகப் படிந்தது. படிந்த கனிமம் உப்புநீரை உள்ளே அண்டவிடாமல் கரைதலைத் தாமதப்படுத்தும்.

உடம்புக்குள் வைக்கிற அளவுக்கும் இது வந்தாயிற்று. யிட்ரியம் போன்றவை கலந்த ஜெர்மன் மெக்னீசியத் திருகுக்கு 2013-இல் ஐரோப்பாவிலும், துத்தநாகமும் கால்சியமும் கலந்த திருகுக்கு 2015-இல் தென்கொரியாவிலும் அனுமதி கிடைத்தது. கால்விரல், கைவிரல் பக்கத்துச் சின்ன எலும்புகளில்தான் இவற்றுக்கு முக்கிய வேலை. ஆரம்ப மாதங்களில் எக்ஸ்ரே எடுத்தால் திருகைச் சுற்றி வாயுவின் கரிய நிழல் தெரிவதுண்டு. அது மெல்ல மறையும்.

தொடையெலும்புக்கு இன்னும் எஃகும் டைட்டானியமும்தான். நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் அங்கே நம் எடையைப்போல் பலமடங்கு பாரம் இறங்கி ஏறுகிறது. இப்படி வளைந்து நிமிரும் மெக்னீசியத்தில் உப்புநீர் அரித்த சின்னக் குழியிலிருந்து விரிசல் கிளம்பி, எலும்பு சேருமுன்பே உடைந்துவிடலாம். அந்த விரிசலைச் சில மாதங்களுக்குத் தள்ளிப்போட முடியுமா என்றுதான் ஆய்வகங்களில், 37 டிகிரிச் சூட்டில் உப்புக் கரைசலுக்குள் கம்பிகளை லட்சக்கணக்கான முறை வளைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.