விளக்கு எரிகிறது, வண்டி கிளம்பவில்லை
சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம், இன்ஜின் சுற்றவில்லை. உடனே புது பேட்டரி வாங்கக் கிளம்ப வேண்டாம். சாவியின் கட்டளை ஸ்டார்ட்டரின் சொலினாய்டு வரை வந்துவிட்டது என்பதற்கு அந்தச் சத்தமே சாட்சி. அதன்பின் மோட்டாருக்கு 100 ஆம்பியருக்கும் மேல் மின்னோட்டம் தேவை. பேட்டரி முனையில் பூத்த உப்பு வெறும் 0.02 ஓம் தடையாக இருந்தாலும், 150 ஆம்பியர் பாயும்போது 3 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும்.

"ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறதே, இணைப்பில் என்ன குறை?" என்று கேட்கலாம். விளக்குகளுக்கு வேண்டியது 10 ஆம்பியர் அளவுதான்; அதே தடையில் அவை இழப்பது சொற்பம். "புது பேட்டரி போட்டதும் சரியானதே" என்பதும் நிரூபணம் ஆகாது. மாட்டும்போதே முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்திருப்பார்கள். கியரை நியூட்ரலில் வைத்து, மல்ட்டிமீட்டரை பேட்டரியின் ஈய முனைகளிலேயே பொருத்தி ஸ்டார்ட் செய்து பாருங்கள். 12.6 வோல்ட் காட்டியது 9.6-க்கும் கீழே சரிந்தால் பேட்டரியைச் சந்தேகிப்பது நியாயம். பெரிதாகச் சரியவில்லை என்றால் முனைகள், கேபிள், பலரும் மறந்துவிடும் இன்ஜின் எர்த் கம்பி, கடைசியாக ஸ்டார்ட்டர் என்று தேடுங்கள். முனைகளைக் கழற்றும்போது நெகட்டிவ்தான் முதலில்.