2147483647: கம்ப்யூட்டர் திணறும் எண்

214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. போன் நம்பர் போலத் தெரியும் இந்தப் பத்து இலக்க எண், கணிதத்திலும் கம்ப்யூட்டரிலும் பிரபலமானது.

முதலில் கணிதம். 31 இரண்டுகளைப் பெருக்கி 1-ஐக் கழித்தால் இந்த எண் வரும். இது ஒரு பகா எண். அதாவது 1 மற்றும் இதே எண்ணைத் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாது. பார்வை மிகவும் மங்கிவிட்ட நிலையில் 1772-ல் இதை நிரூபித்தவர் லியோனார்ட் ஆய்லர். சாதாரணமாகச் செய்தால் 46,340 வரை உள்ள பகா எண்கள் அனைத்தாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். எந்த வகை எண்களால் மட்டுமே வகுபட வாய்ப்புண்டு என்று முதலில் கணக்கிட்டதால், அவருக்கு அதிகபட்சம் 372 வகுத்தல்களே போதுமாக இருந்தன.

இனி கம்ப்யூட்டர். 0 அல்லது 1 வைக்கும் ஓர் இடமே பிட். ஒரு பிட்டில் 2 விதம், இரண்டு பிட்டில் 4, மூன்றில் 8 என இரட்டிப்பாகும். பல புரோகிராம்கள் ஒரு முழு எண்ணுக்கு 32 பிட் ஒதுக்குகின்றன. அதில் ஒரு பிட் பிளஸ், மைனஸ் குறிக்கு. மீதி 31 பிட்டிலும் 1 நிரம்பினால் வருவதுதான் 2147483647. அதற்கு மேல் இடமில்லை.

நீங்களே சோதித்துப் பாருங்கள். விண்டோஸ் 10 அல்லது 11-ல் கால்குலேட்டரைத் திறந்து, மெனுவில் புரோகிராமர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'க்யூவேர்டு' பட்டனை ஒரு முறை க்ளிக் செய்தால் 'டிவேர்டு' என மாறும். இதுதான் 32 பிட். இப்போது 2147483647 டைப் செய்து 1-ஐக் கூட்டுங்கள். விடை -2147483648! கூட்டிய 1 குறிக்கான பிட்டுக்குள் புகுந்துவிட்டது.

இது வெறும் வேடிக்கை அல்ல. யூனிக்ஸ் வகை சிஸ்டங்கள் 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணி நேரம் சொல்கின்றன. 32 பிட்டில் எண்ணினால், 2038 ஜனவரி 19 அன்று இந்திய நேரம் காலை 8:44:07-க்கு இந்த எல்லை வந்துவிடும். அடுத்த நொடியில் தேதி 1901 டிசம்பருக்குத் தாவிவிடும். தேதி தவறினால் வட்டிக் கணக்கு, பேக்கப், பாதுகாப்புச் சான்றிதழ் எல்லாம் குழம்பும்.

64 பிட்டில் நேரத்தை எண்ணினால் இந்தப் பிரச்சினை இல்லை. புதிய சிஸ்டங்கள் பெரும்பாலும் அப்படித்தான் எண்ணுகின்றன. எனவே புதிய கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பயப்பட வேண்டாம். அப்டேட் வராத பழைய ரவுட்டர், கேமரா ரெக்கார்டர், பழைய கணக்கு சாஃப்ட்வேர் போன்றவற்றை மட்டும் 2038-க்கு முன் மாற்றிவிடுங்கள்.